மூன்றாவது ஓலை

மதினியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "அந்தப் பேர்ல நம்ம கோயில் பங்குல மட்டும் ஏழெட்டுப் பேரு இருக்காக, நீ யாரைச் சொல்றேன்னு படிக்கிறவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று அவரே சண்டைக்கு வந்திருப்பார். இனி வர மாட்டார். இருந்தாலும் பயம் விடவில்லை.

என் அண்ணன் பெண்டாட்டி அவர். காரைக்குடியில் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலை. அண்ணன் புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் லாரி ஓட்டினார். நான் கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டவள், ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ரெஜினா, இளையவன் அருள்.

கடிதம் பிரிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்கு முதலில் இளக்காரம்தான். ஒரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். சுவரை அடைத்தாற்போல் மரச் சட்டம், அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். மதினி நின்றபடியே கையிலிருந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கட்டத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். செட்டியார் வீடுகளில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் ஒரே தெருவில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள். பேருக்கு முன்னால் இருக்கிற எழுத்துகளைப் பார்த்துத்தான் எந்த வீடு என்று சொல்ல முடியும். மாற்றலாகி வந்திருந்த ஒருவர் இரண்டு கடிதங்களை ஒரே கட்டத்தில் போட்டார். மதினி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி ஒன்றை வெளியே எடுத்தார்.

"அது வேற, இது வேற சார்."

"பேரு ஒண்ணுதானே?"

"பேரு ஒண்ணா இருந்தா வீடு ஒண்ணாயிருமா? ஒருத்தர் வீட்டுச் சாவுச் சேதி இன்னொருத்தர் வீட்டுக்குப் போச்சுன்னா, போய் யாரு அழுவா? நீங்களா?"

வீட்டிலும் இதே கதைதான். கருவாட்டுச் சட்டி வேற, மீன் சட்டி வேற. கோயிலுக்குப் போகும் செருப்பு வேற. எதிர்வீட்டுக்காரியோடு தெருக்குழாயில் நித்தமும் சண்டை. வாயைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவள் அப்பா செத்த அன்று, விடிந்ததும் அந்த வீட்டு அடுப்படியில் முதல் ஆளாக நின்றவர் மதினிதான். மூன்று நாளும் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார். நாலாம் நாள் குழாயடியில் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினார்.

"ஏன் மதினி, நேத்துத்தானே அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதீக?"

"சாவு வேற, தண்ணி வேற. நீ குடத்தை நகட்டு."

அவருக்குத் தலை பெரிசு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணத்தன்று முக்காட்டின் மேல் வைக்கிற பூவளையம் நெற்றியைத் தாண்டி இறங்கவே இல்லை. கம்பியை வெட்டி, பின்னால் நூலால் கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். நூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்று முழுக்க அதைச் சொல்லித்தான் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது ஈறில் சின்னச் சின்ன மேடு தெரியும், கூழாங்கல் பதித்த மாதிரி. முகத்திலும் மூக்கோரமாகப் பொடி மருக்கள். அதெல்லாம் அவருடைய முகம் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அருள் பிறந்தபோதும் அதே தலை. எங்கள் வீட்டார் அதை மதினி வீட்டுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க அப்பாரு தலை, கலெக்டர் தலை" என்று கொண்டாடினோம். அவனுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. பிறகு வலிப்பு வந்தது. வந்ததும் தலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "அவ வீட்டுத் தலை" என்றார்கள். மதினி கோபப்படவில்லை. தலை வேற, வலிப்பு வேற என்று ஒரே வார்த்தையில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

அருளுக்கு சோடா பாட்டில் மூடிகள் போதும். சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, துருப்பிடித்தது தனி. யாராவது ஒன்றை மாற்றி வைத்தால் அலறுவான். பேச்சே வராத பையனுக்கு அப்புறம் வந்த ஒரே வார்த்தை "வேற". மூடியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, அம்மா குரலிலேயே, அதே இழுப்போடு, "வேற, வேற" என்பான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் மதினிக்கு மார்பில் கட்டி வந்தது. இடது பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போய், முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு இடது கை வீங்கியே இருந்தது. மேல்கையின் உட்புறம் மரத்துவிட்டது. ஒரு தடவை சுடுபானை அங்கே பட்டு, தோல் உரிந்து தொங்கியதை நான்தான் பார்த்துச் சொன்னேன். "அப்படியா?" என்று திருப்பிப் பார்த்தார், யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி.

வீட்டில் இரண்டு பைகள் ஆணியில் தொங்கும். பச்சைப் பை அருளுடையது, அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவார்கள். கட்டம் போட்ட பை மதினியுடையது, அதற்கு மெட்ராஸ். பை வேற, ஊர் வேற, டாக்டர் வேற. மதுரையில், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டார்களாம். "இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"உங்க தம்பிக்கு இருந்துச்சே மதினி?"

"அவன் கிணத்துல விழுந்துல்ல செத்தான். அது வேற."

வலிப்பு வந்துதான் அவர் கிணற்றில் விழுந்தார். ஊருக்கே தெரியும். மெட்ராசில், பிள்ளைகள் நலமா என்று கேட்டபோது அருளைப் பற்றி மூச்சு விடவில்லை. புற்றுநோய் டாக்டரிடம் போய் எதற்கு மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்? இதுதான் அவருடைய நியாயம். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் இப்படி வருஷக்கணக்கில் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரெஜினாவுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம் அருளுக்கு வலிப்பு அடங்காமல் போனது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அண்ணன் ஆலையில் சொல்லிவிட்டு வந்தார். நானும் போனேன். பச்சைப் பையை மட்டும்தான் எடுத்துப் போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசினார். அருளின் தலையை டேப்பால் சுற்றி அளந்தார். அப்புறம் மதினியைப் பார்த்தார். டேப்பை அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் கொஞ்சம் உட்காருங்கம்மா."

"எனக்கு எதுக்கு? சீட்டு அவன் பேருக்குத்தான் போட்டிருக்கு."

அளந்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். மூக்கோர மருக்களை விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார்.

"அது வேற டாக்டர். அதுக்கு வேற ஆஸ்பத்திரி பாக்குறாக. அந்தப் பை வீட்ல இருக்கு."

"என்ன ஆபரேஷன்?"

அண்ணன்தான் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். மதினி, கடிதம் பிரிக்கிற அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனார். அம்மா, மார்பில் கட்டி. சித்தி, கழுத்தில் கட்டி. தம்பி, வலிப்பு. சொல்லச் சொல்ல டாக்டர் ஒரு தாளில் கட்டங்களும் வட்டங்களும் போட்டார். போட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்தார். மதினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீசில் அவர் பார்த்த கட்டங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடே கிடையாது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உடம்பில் செல்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். போதும், நில் என்று சொல்ல ஒரு ஜீன் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வரும்.

"லாரிக்குக் கால் பிரேக்கும் கை பிரேக்கும் மாதிரியா?" என்றார் அண்ணன்.

"அப்படியே வச்சுக்கலாம். இவங்களுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு வேலை செய்யலை. இன்னொண்ணை வச்சே ஓட்டிக்கிட்டு வர்றாங்க. மார்புல ஒரு செல்லுல அந்த இன்னொண்ணும் போச்சு. அது கட்டியாச்சு. உங்க மாமியாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கணும். கழுத்துக் கட்டியும் இதோட சேர்ந்ததுதான்."

"பயலுக்குக் கட்டி இல்லையே?"

"அம்மாகிட்டயிருந்து பையனுக்கும் அதே பிரேக்குதான் கெட்டு வந்திருக்கு. ஆனா மூளை அப்படியில்லை சார். அதுக்கு ரெண்டு பிரேக்குமே வேணும். ஒண்ணு குறைஞ்சாலே செல் அளவுக்கு மீறி வளர்ந்துடும். தலை பெரிசாகும். சிலருக்குத் தலை மட்டும் பெரிசா இருந்துட்டு வேற தொந்தரவே இருக்காது, அம்மாவைப் போல. சிலருக்குப் பேச்சு வராது, வலிப்பு வரும். ஏன் ஒருத்தருக்கு இப்படி, ஒருத்தருக்கு அப்படின்னு இன்னும் தெரியலை. இந்த ஜீனையே இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா எனக்குப் பெரிசா சந்தேகம் இல்லை."

மதினி தாளில் இருந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்ணா?"

"ஒரே இடத்துல இருந்து வந்ததும்மா."

"அதை எடுத்துப் போட முடியுமா?"

"முடியாது."

"அப்ப எதுக்கு எங்கிட்டச் சொன்னீக?"

மதினி கோபித்துக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டாக்டர் தாளில் அருளின் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தைக் காட்டினார். "இது யாரு? பொண்ணா? அவங்களுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. தெரிஞ்சா வருஷா வருஷம் மார்பையும் கழுத்தையும் பார்த்துக்கிட்டே வரலாம். கட்டி வந்தாலும் கடுகு அளவுல இருக்கும்போதே எடுத்துடலாம். உங்களுக்கு யாரும் முன்னாடி சொல்லியிருந்தா உங்களுக்கும் அப்படிப் பார்த்திருப்பாங்க."

அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினோம். வழியில் பஸ் நின்ற இடத்தில் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டோம். உப்பில்லை. யாரும் உப்புக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவேண்டிய நேரம் அது, வரவில்லை. மதினியின் மேல்கை மாதிரி ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மதினி கட்டம் போட்ட பையைக் கவிழ்த்து, அதிலிருந்ததை எல்லாம் பச்சைப் பைக்குள் திணித்தார். காலிப் பையை மடித்துப் பீரோவில் வைத்தார்.

ரெஜினாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஆலைக் கணக்கப்பிள்ளை மகன், தேவகோட்டையில் வாத்தியார். நல்ல மனுஷர்கள். அருளைப் பார்த்திருந்தார்கள். மதினியின் ஆபரேஷனும் தெரியும். "பையனுக்கு வந்தது பையனோட, உங்களுக்கு வந்தது உங்களோட. பொண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று அந்த அம்மாவே சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனார். ரெஜினாவுக்கும் அந்தப் பையன் மேல் பிரியம். அவன் பேரைச் சொன்னாலே காது சிவக்கும்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பேரைச் சாமியார் வாசிப்பார். ஓலை வாசிக்கிறது என்போம். வாசித்து முடித்ததும், இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குக் குருவிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பார். அதை யார் காதில் வாங்குகிறார்கள்? அந்த நேரத்தில்தான் பெண்ணின் சேலையைப் பார்ப்போம்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம், மதினியைக் காணோம். தேடிப் போனால் சாமியார் அறையில் நிற்கிறார்.

"தடை இருந்தாச் சொல்லணும்னு வாசிச்சீகள்ல சாமி? அதான் வந்தேன்" என்று ஆரம்பித்து, ஜீன், பிரேக், மார்பு, மூளை எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அம்மா, தடைங்கிறது ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கிறது, நெருங்கின ரத்த உறவா இருக்கிறது, அந்த மாதிரி. வியாதி தடையில்ல. அது வேற, இது வேற."

நான் மதினி முகத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அவர் அடுத்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்ல சாமி. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எல்லாம் ஒண்ணுதானாம்."

"சரி, இருக்கட்டும். பொண்ணு வாழ்க்கை. வெளிய போய்ச் சொல்லிக்கிட்டிருக்காதீக."

மதினி தலையை ஆட்டினார். நேரே பஸ் ஏறிப் புதுவயலுக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே போனேன். வழியெல்லாம் திட்டினேன். "உங்களுக்கென்ன கிறுக்கா? வீட்டுக்காரருகிட்டக் கேக்கல, பெத்த பொண்ணுகிட்டக் கேக்கல, ஊருக்குச் சொல்லப் போறீகளே!" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா கடைசிவரை கேட்டார், எங்களுக்குக் காப்பி கொடுத்தார், டம்ளரைத் திரும்ப வாங்கும்போது, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். மறுநாள் ஆள் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணன் தட்டை எறிந்தார். அவர் எறிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரெஜினா எறியவில்லை, அழவும் இல்லை. அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கு வந்தா எனக்கும் வரணுமா? நான் வேறம்மா. எல்லாத்துக்கும் சொல்லுவேல்ல? எனக்கும் சொல்லு. நான் வேறன்னு சொல்லு."

மதினியின் உதடு அசைந்தது. நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். பொய்யாகவாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. மூலையில் அருள் மூடி அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வருசா வருசம் பாக்கணும்த்தா" என்றார் மதினி. "நெஞ்சுலயும் கழுத்துலயும்."

மூன்றாவது ஞாயிறு பூசைக்கு எல்லோரும்தான் போனோம். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பேரை வாசித்தார். சனம் மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. ரெஜினா பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். மதினி அவள் பக்கத்தில் நின்றார், தோள் படாமல்.

அன்றிலிருந்து ரெஜினா அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஆக்கிய சோற்றைத் தின்பாள், அம்மா சேலையைத் துவைத்துப் போடுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். சோறு வேற, கோபம் வேற. யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. மறுவருஷம் மதினிக்கு நோய் ஈரலுக்குப் போய்விட்டது. உடம்பு துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் ரெஜினாதான். அப்போதும் பேசவில்லை. மதினியும் வற்புறுத்தவில்லை. கடைசி வாரத்தில் ஒரு தடவை மகளின் கழுத்தில் கை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்திப் பார்த்தார். ரெஜினா விலகாமல் குனிந்தபடியே இருந்தாள்.

அடக்கத்தன்று பெட்டிக்குள் தலை கொஞ்சம் இடித்தது. எதிர்வீட்டுக்காரிதான் தலையணையை உருவிவிட்டுச் சரியாக வைத்தாள். மூன்று நாள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். நான் தின்றேன். அழவில்லை. அருள் அவனுடைய மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

சில மாதம் போனதும் ரெஜினா தானாகவே பச்சைப் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். "அத்தை, வாரீகளா?" என்றாள். அதே ஆஸ்பத்திரி. மார்பில் ஒன்றுமில்லை. கழுத்தில், கைக்கே தட்டாத அளவில் ஒன்று இருந்தது. கெட்டதுதான், ஆனால் ஆரம்பம், முழுசாக எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "உங்கம்மாவுக்கு வந்த மாதிரியே உனக்கும் வந்திருச்சேடி" என்று சொல்லிவிட்டேன்.

ரெஜினா இல்லை என்று கையை ஆட்டினாள். தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில் வா என்று சைகை காட்டினாள். குனிந்தேன்.

"அது வேற, இது வேற அத்தை" என்றாள். "அம்மாவுக்கு யாருமே சொல்லல. எனக்கு அம்மா சொல்லிருச்சு."